காய் வைத்தால்தான் கவனம்

இனிமேல் என் கவனத்தை யாருக்கும் இலவசமாகக் கொடுப்பதில்லை என்று மாமல்லபுரத்தில் முடிவு செய்தேன்.

மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பெயர் ஜானகிராமன். சூப்பர்வைசர் பரீட்சை எழுதப் போகிறவர்களைக் கம்பெனி இரண்டு நாள் கடற்கரை ஓட்டலில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தது. டை கட்டிய ஒருவர் போர்டில் ஓவர்ஹெட் டேங்க் ஒன்றை வரைந்தார். "கவனம்ங்கறது இந்த டேங்க் தண்ணி சார். காலையில ரொம்பும். ஆளாளுக்குக் குழாயைத் திறந்தா மத்தியானத்துக்குள்ள காலி!" மற்றவர்கள் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் குறிப்பெடுத்தேன். என் வீட்டில் குழாயைத் திறப்பது யார் என்று உடனே புரிந்துவிட்டது. சியாமளா. கல்யாணமாகி எட்டு வருஷமாகத் திறந்தபடியே இருக்கிறாள்.

இந்தப் பரீட்சையை நான் எழுதுவது இது மூன்றாவது முறை. கடைசி முறையும்கூட, நாலாவது தடவை எழுத விடமாட்டார்கள். முதல் தடவை காய்ச்சல். இரண்டாவது தடவை ஒரு சின்னக் கவனக்குறைவு, அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். இந்தத் தடவை பிரவின்குமாரும் எழுதுகிறான். அளவெடுக்கும் வெர்னியரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். அவன் பாஸாகி நான் பெயிலானால், என் லீவ் லெட்டரில் அவன் கையெழுத்துப் போடுவான்.

செங்கல்பட்டுக்குத் திரும்பியதும் பரணிலிருந்து கேரம் போர்டு காய்களை இறக்கினேன். ஒரு தாளில் சட்டம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். ஒன்று: காய் வைத்தால்தான் பேச்சு. இரண்டு: காய் வைத்தால் எதிராளி காது கொடுத்து உண்மையான பதில் சொல்ல வேண்டும். மூன்று: வைத்த காய் பதில் சொன்னவருக்கே சொந்தம். அவளுக்கு ஒன்பது வெள்ளை, எனக்கு ஒன்பது கறுப்பு. சிவப்பு ஒன்று டிவி மேல் இருக்கும், ஆபத்துக்கு.

சியாமளா தாளை இரண்டு முறை படித்தாள்.

"ஏங்க, இது ரெண்டு பேருக்கும்தானே?"

"சட்டம்னா எல்லாருக்கும் பொதுதான்."

"அப்புறம் மாத்தமாட்டீங்களே?"

"என்ன பேச்சுப் பேசற? ஜானகிராமன் வாக்கு!"

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் வெள்ளைக் காய்களைக் கடுகு டப்பாவில் போட்டு மூடினாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை.

"சியாமளா, துண்டு எங்க?"

கையை நீட்டினாள். காய் வைத்தேன். "கொடியில."

"சாக்ஸ்?" காய். "ஷூக்குள்ள."

"பஸ் பாஸ்?" காய். "நேத்துச் சட்டைப் பையில."

"பேனா?" காய். "காதுல."

ஏழு இருபதுக்குக் கம்பெனி பஸ். அதற்குள் ஏழு காய் போய்விட்டது. எட்டு வருஷத்தில் இத்தனை கேள்விகள் நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேனா? ஏதோ அன்றைக்கு மட்டும் அப்படி அமைந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

மாலையில் புத்தகத்தைத் திறந்தேன். அவள் ஒரு வெள்ளைக் காயை என் பக்கத்தில் வைத்து ஏதோ சொன்னாள். "ம்" என்றேன். என்ன சொன்னாள் என்று தெரியாது. டேங்கில் சிக்கனம். புதன்கிழமையும் ஒரு காய் வைத்து ஏதோ சொன்னாள். அதற்கும் ஒரு "ம்". வாரம் முழுக்க அவள் செலவழித்தது அந்த இரண்டு காய்தான்.

வியாழக்கிழமைக்குள் மிச்சக் காய்களும் கரைந்து என் கையில் ஒன்றுமில்லை. குளியலறையில் முகமெல்லாம் சோப்பு. தண்ணீர் நின்றுவிட்டது.

"சியாமளா! மோட்டாரைப் போடு!"

கதவுக்கு வெளியிலிருந்து, "காய்?"

"கண்ணு எரியுதுடி!"

"காய்?"

"சிவப்பு! டிவி மேல இருக்கு, எடுத்துக்கோ!"

மோட்டார் ஓடியது. ஆபத்துக்கு வைத்திருந்ததும் போயிற்று.

வெள்ளியும் சனியும் வீட்டில் சத்தமே இல்லை. நேரத்துக்குக் காபி, நேரத்துக்குச் சோறு. நான் கேட்ட அமைதி இதுதான். ஆனால் படிப்பு ஓடவில்லை. சியாமளா ஏன் பேசவில்லை? சமையலறையில் உட்கார்ந்து நியூஸ்பேப்பர் அட்டை போட்ட ஏதோ ஒரு புத்தகத்தைப் புரட்டுகிறாளே, அது என்ன? தானாகச் சிரிக்கிறாளே, எதற்கு? ஒரே பக்கத்தை நாற்பது தரம் படித்தேன். டேங்க் முழுவதும் சமையலறைப் பக்கமாகவே ஓடியது. கேட்கலாமென்றால் காய் இல்லை. சட்டத்தை வாபஸ் வாங்கலாமென்றால் மானம் போகும். பெயிலாகிவிடுவேனோ என்று நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு மறைமலைநகரில் பரீட்சை. கம்பெனி பஸ் கிடையாது. ஒன்பது பத்து எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்க வேண்டும். எட்டரைக்கு ஹால் டிக்கெட்டைக் காணோம்.

பீரோவைக் கவிழ்த்தேன். மெத்தையைத் தூக்கினேன். அரிசி டிரம்மில் கைவிட்டேன். எட்டே முக்கால். சட்டை நனைந்துவிட்டது.

சியாமளா அறையிலிருந்து வந்தாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கைப்பை, தண்ணீர் பாட்டில், இரண்டு பேனா. நான் இரண்டு கையையும் ஏந்தினேன். அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரு கறுப்புக் காயை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. யோசிச்சுக் கேளுங்க."

யோசித்தேனா? பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"நீ எங்க கிளம்பிட்ட?"

காயை எடுத்துக்கொண்டாள். "கவர்மென்ட் கிளார்க் பரீட்சைக்கு. திங்கக்கிழமையே காய் வெச்சு சொன்னேன். 'ம்'னீங்க."

"ஐயோ, அது இல்ல... ஹால் டிக்கெட்!"

"காய்?" என்றாள். இல்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

கீழே வீட்டுக்காரம்மா கன்னியம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். ஓடினேன்.

"அக்கா, எம் பொண்டாட்டியைக் கொஞ்சம் கூப்பிடுங்க! ஹால் டிக்கெட் எங்கன்னு கேளுங்க!"

"இன்னாத்துக்கு நைனா, உன் வாயி இன்னா ஆச்சு?"

"எனக்குக் காய் இல்லக்கா!"

"காயா? காலைல இன்னாத்துக்குக் காயி? ரெண்டு கத்திரிக்கா கீது, தரட்டா?"

"அந்தக் காய் இல்லக்கா! ட்ரெயின் போயிடும்!"

"பேஜாரு புடிச்ச வூடா கீதே!" என்று கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். ஒரு சுற்றுப் பார்த்தாள். "தோ, கதவுல தொங்கிகினு கீதே, அது இன்னா?"

என் சட்டத்தாளின் மேலேயே, குண்டூசியில், ஹால் டிக்கெட். புதன்கிழமை அவள் சொன்னது இதுதான் போலிருக்கிறது. நாலு நாளாக அந்தக் கதவைத் தாண்டித்தான் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தேன்.

பிடுங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். நகர்ந்துகொண்டிருந்த ட்ரெயினில் தொற்றினேன். பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்தேன். கேள்விகள் எல்லாம் தெரிந்தவை! கை பறந்தது. பதினொன்றரைக்கே முடித்துவிட்டேன். மற்றவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரிப்புகூட வந்தது.

மணி அடித்து எல்லாரும் வெளியே வந்ததும் பிரவின்குமார் கேட்டான். "சார், பின்பக்கம் அந்த நாப்பது மார்க் கேள்வி இழுத்தடிச்சிடுச்சு இல்ல?"

"எந்தப் பின்பக்கம்?" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கு அவன் கேலியே செய்திருக்கலாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே ஒரு ஆறுதல், வீட்டில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். காய் வைக்காமல் பேச்சில்லை. அவளோ கஞ்சத்தனமாக வைத்திருக்கிறாள். ரிசல்ட் வரும்வரை தப்பித்தேன்.

சியாமளா எனக்கு முன்னால் வந்திருந்தாள். காபி கொண்டுவந்து வைத்தாள். டம்ளருக்குப் பக்கத்தில் சிவப்புக் காயையும் வைத்தாள்.

"எப்படி எழுதினீங்க?"

சட்டம் நானே எழுதியது. உண்மையான பதில் சொல்ல வேண்டும்.

"முன்பக்கம் நல்லா எழுதியிருக்கேன்."

"பின்பக்கம்?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. என் சட்டைப் பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்தாள். திருப்பி என் எதிரில் வைத்தாள்.

பின்பக்கத்தில் பென்சிலில், அவளுடைய குண்டு எழுத்தில் இருந்தது: "ஏங்க, போன வருஷம் மாதிரி விட்டுடாதீங்க, கேள்வித்தாளைத் திருப்பிப் பாருங்க."