சின்னவரின் ஆம்ப்ளிஃபயருக்கு வயது பார்த்தது

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, மகன், உங்கள் மகள் நால்வரும் உடலளவில் நலம். மனதளவில் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே உங்கள் முட்டிவலியும் சம்பந்தியம்மாவின் தூக்கமும் முன்னைக்கு இப்போது தேவலை என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். போன் என்றால் பாதியில் 'அப்புறம், வேற என்ன விசேஷம்?' என்று கேட்டு முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போனபோது பூட்டிய அறையில் நாற்பது வருடத்துக்கு மேல் கிடந்த உங்கள் தம்பியின் ஆம்ப்ளிஃபயரை எங்களுக்கு அனுப்பி வைத்தீர்கள் அல்லவா, விஷயம் அதைப் பற்றித்தான். மாப்பிள்ளை கிட்டார் வாசிக்கிறவர், அவரிடம் இருக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். பெருந்தன்மையின் எடை எவ்வளவு என்று அதைத் தூக்கிவந்த இரண்டு பேரையும் கேட்க வேண்டும். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் அன்றைக்குப் பார்த்துப் படுத்துவிட்டது, நான் பின்னாலிருந்து யோசனை மட்டும் சொல்லிக்கொண்டு ஏறினேன், அதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. கறுப்புத் தோல் உறை, முன்பக்கம் வெள்ளித் துணி, மேலே வரிசையாகக் குமிழ்கள். சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. பின்னால் இருக்கிற கண்ணாடி வால்வுகள் மெல்ல மெல்லச் சிவந்து, சூடேறி, தூசி கருகிய வாசனை ஒன்று வந்து, அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கும். மகன் முதல் தடவை கிட்டாரைச் சொருகி ஒரு கம்பியைத் தட்டினான் பாருங்கள், ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஒருமுறை சிலிர்த்தது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். என்ன சத்தம் என்று அவள் கேட்கவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

இனிமேல்தான் வம்பு ஆரம்பம். மகன் இதைக் கிட்டார் கடைக்காரரிடம் பீற்றிக்கொண்டான். அவர் வந்து பார்த்தார், முகர்ந்தார், கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல் பக்கவாட்டில் தட்டினார். பிறகு என்னிடம், "சார், நாப்பது வருஷத்துக்கு மேல யாருமே ஆன் பண்ணலைன்னு சொல்றீங்க. அப்படின்னா ஆன் பண்ணினதும் உள்ள இருக்குற கபாசிட்டர் எல்லாம் பட்டாசு மாதிரி வெடிச்சிருக்கணும். இது என்னடான்னா நேத்து சர்வீஸ் பண்ணின மாதிரி பேசுது. உங்க சம்பந்தி உங்களுக்குக் கதை விட்டிருக்கார்" என்றார். எனக்கு வந்ததே கோபம். என் சம்பந்தி கதை விடுகிறவரா? என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்துபோன கடைகளையும் குடோன்களையும் பார்த்து, தீ எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது, தானாகப் பிடித்ததா என்று எழுதிக்கொடுத்தே நரைத்தவன் நான். சாம்பலுக்கே வயது சொன்னவனுக்கு ஒரு பெட்டிக்குச் சொல்லத் தெரியாதா என்று மறுநாளே பின்பலகையைக் கழற்றிவிட்டேன்.

கழற்றியதும் நடந்ததை உங்கள் மகள் ஏற்கெனவே சொல்லியிருப்பாள். ஆனால் அவள் சொன்னதுபோல் நான் 'பறந்து' விழவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை வைத்தேன். பிடுங்கிய பிறகும் இந்தப் பெட்டிகள் உள்ளே மின்சாரத்தைப் பதுக்கி வைத்திருக்கும் என்று எனக்கு எவனும் சொல்லவில்லை. ஒரு உலுக்கு, அவ்வளவுதான், நான் அழுக்குத்துணிக் கூடைக்குள் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி என்னைத் தூக்கிவிடாமல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ரிட்டயர் ஆன மனுஷன் ஒரு இடத்துல உட்காரணும்னு சொன்னேன். இதைச் சொல்லலை" என்றாள். பிறகு அந்தக் கடைக்காரரையே வரவழைத்து, உள்ளே இருந்த மின்சாரத்தை வடித்துவிட்டு, பூதக்கண்ணாடியும் டார்ச்சுமாக உட்கார்ந்தேன்.

சம்பந்தி, இதற்கு வயது பார்ப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஒவ்வொரு குமிழுக்குப் பின்னாலும் உள்பக்கம் ஒரு தகர வட்டம் இருக்கிறது. அதன் விளிம்பில் எண்களைப் பொறித்திருக்கிறார்கள். முதலில் வருவது செய்த கம்பெனிக்கான எண், அடுத்தது வருடம், கடைசியில் அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பது. டிரான்ஸ்ஃபார்மரிலும் அப்படியே, ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்திலும் அப்படியே. எல்லாம் எழுபத்து நான்காம் வருடம் என்று ஒரே குரலில் சொன்னன. உங்கள் தம்பி புதிதாக வாங்கியது என்று நீங்கள் சொன்னதும் எழுபத்து நான்குதான். ஆஹா, என் சம்பந்தி சத்தியசந்தர் என்று கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டார்ச்சை வாங்கி, டார்ச் பேட்டரி அளவில் இருந்த உருளைகளைக் காட்டினார். மின்சாரத்தைப் பதுக்குகிற கபாசிட்டர்கள் அவைதான். பதினைந்து இருபது வருடத்தில் காய்ந்து போகுமாம், மாற்ற வேண்டுமாம். மாற்றியிருக்கிறார்கள், சம்பந்தி. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஒன்றின் மேல் இருந்த தேதி உங்கள் மகள் பிறந்த வருடம். இன்னொன்றில் உங்கள் தாயார் காலமான வருடம். மூன்றாவது, நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடந்த வருடம். வருடங்களை நான் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் மகள்தான் ஒவ்வொன்றும் என்ன வருடம் என்று சொன்னாள். மூன்றாவதைச் சொல்லி முடித்ததும் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள். யாருக்கும் வியர்க்கவில்லை.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் எனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் போயிற்று. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், மனைவி கண்ணாடிக்கடைக் கணக்கு வேலைக்குப் போய்விடுவாள், வீட்டில் நானும் அதுவும்தான். கிட்டார் சொருகாமல் சும்மா சுவிட்சைப் போட்டுச் சூடேற விட்டால், முதலில் இரைச்சல் வரும், இரைச்சலுக்குள்ளே யாரோ தொண்டையைச் செருமுவார்கள். பிறகு ஒரு கம்பி. ஒரே ஒரு கம்பி. யாரோ அதை முறுக்கி முறுக்கிச் சுருதிக்குக் கொண்டுவருவார்கள், வந்து சேரப்போகிற இடத்தில் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. கடைக்காரரைக் கேட்டால், "பழைய ஆம்ப், சார். ரேடியோ ஸ்டேஷனைப் பிடிக்கும். எங்க கடையில ஒண்ணு வானிலை அறிக்கையே வாசிச்சிருக்கு" என்கிறார். இருக்கலாம். கீழ்வீட்டு அம்மா என்னை மாடிப்படியில் நிறுத்தி, "உங்க வீட்டுல தங்கியிருக்குற தம்பிக்கு இருமல் மருந்து வாங்கிக் குடுக்கக்கூடாதா? பாவமா இருக்கு" என்றாள். எந்த ரேடியோ ஸ்டேஷனுக்கு இருமல் வரும், சொல்லுங்கள்.

ஒருநாள் உங்கள் மகள் சீக்கிரம் வந்துவிட்டாள். கைப்பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள். சுவிட்சை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. "மாமா, சித்தப்பா இப்படித்தான் சுருதி சேர்ப்பாராம்" என்றாள். அவள் அவரைப் பார்த்ததே இல்லை, அவள் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே போய்விட்டவர். "அப்பா 'சத்தத்தைக் குறைடா'ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாராம். கம்பி வாங்கிட்டு வர்றேன்னு போனவர்தான். அப்பாகிட்ட இதைச் சொல்லாதீங்க மாமா. அவர் இப்பவும் சாப்பிட உட்கார்ந்தா பக்கத்து நாற்காலியில யாரையும் உட்கார விடமாட்டார்" என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுத மாட்டேன் என்று அவள் வாக்குக் கேட்கவில்லை, நானும் தரவில்லை.

ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. மூன்று ராத்திரி தூக்கமில்லாமல் யோசித்தேன். அந்த ஆம்ப்ளிஃபயர் இருந்த அறைக்கு ஒரே ஒரு சாவி. அது உங்கள் சட்டைப்பையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. தீ விசாரணையில் முதல் பாடமே இதுதான், சாவி யாரிடம் இருந்ததோ அவரிடம் போய் மரியாதையாகக் கேள். சம்பந்தி, அது நீங்கள்தான். வீட்டில் ஒரு நல்லதோ கெட்டதோ நடக்கும்போதெல்லாம் உங்களுக்குத் தம்பியின் நினைப்பு வந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காய்ந்துபோனதை எடுத்துவிட்டுப் புதியதை ஈயம் உருக்கிப் பற்றவைத்திருக்கிறீர்கள். என்றைக்காவது அவர் திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் அது பேச வேண்டும், வெடிக்கக்கூடாது. இவ்வளவுதானே? இதைக் கண்டுபிடித்ததும் நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மனைவியிடம் சொன்னபோது, "சம்பந்தியா? அவர் டியூப்லைட் மாத்தவே ஆளைக் கூப்பிடுவாரே" என்றாள். பெண்களுக்கு இந்த மாதிரி ஆழமெல்லாம் புரியாது. பற்றவைத்திருக்கிற நேர்த்தியைப் பார்த்துக் கடைக்காரரே போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். இருமலும் சுருதியும் என்ன என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ரேடியோவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் இதை ஒப்புக்கொள்ள வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அடுத்த தடவை நாம் பார்க்கும்போது நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் விடமாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். பெட்டி இங்கே பத்திரமாக இருக்கும், வாரம் ஒருமுறை தூசி தட்டுவேன், உள்ளே கை வைக்க மாட்டேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். உங்கள் மகளைப் பற்றிக் கவலையே வேண்டாம், அவள்தான் இந்த வீட்டில் தைரியமான ஆள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்காதீர்கள். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். உறை வாங்கக் கடைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். என் மனைவி சாவதானமாகச் சொல்கிறாள், நான் அந்தப் பக்கம் போனதும் உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் வந்தாராம். கையில் ஒரு சின்னத் தகரப்பெட்டி. 'ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடுறேம்மா' என்று செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஆம்ப்ளிஃபயரிடம் போய் உட்கார்ந்து, பின்பலகையைத் திறந்து, என்னவோ பற்றவைத்தாராம். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்றாராம். 'வீடு மாத்தினா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எங்கெல்லாம் தேடுறது?' என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டாராம். யாருடி அவர் என்றேன். "உங்க மருமகளை உரிச்சு வச்ச மாதிரி இருந்தாங்க. அவ அண்ணன்னு நெனச்சுட்டேன். நம்ம பையனைவிட ரெண்டு வயசு சின்னவர்தான் இருப்பார், அப்புறந்தான் ஞாபகம் வந்துது, அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாதேன்னு" என்கிறாள். மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டிருக்கிறாள், அந்த மட்டும் நல்லவேளை. 'ஏதாவது கெட்டுப்போனா வருவேன்' என்றாராம். சம்பந்தி, இந்தக் கடிதம் கிடைத்ததும் கையில் இருக்கிறதை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பி வாருங்கள். நீங்கள் வந்து உட்கார்ந்ததும் நானே அதில் எதையாவது கெடுத்து வைக்கிறேன்.