நாலு திரைக்கும் ஓய்வு

"மூணாவதும் போச்சு" என்று பட்டறையிலிருந்து போனில் சொன்னார் கோவிந்தசாமி. இழவு சொல்கிற குரல்.

பெர்னார்டின் கையிலிருந்த காப்பி மேசையில் கொட்டியது. முதல் சிப் கருகியபோது, சிப் செய்தவன்மேல் பழி போட்டான். இரண்டாவது கருகியபோது, அந்தக் கட்டடத்துக் கரண்ட்மேல் போட்டான். மூன்றாவதற்குப் பழி போட அவனைத் தவிர ஆள் மிச்சமில்லை.

அது 1986. காலாங் தொழிற்பேட்டையில் ஐந்தாம் மாடியில் இருந்தது அவன் வேலை பார்த்த சின்னக் கம்பெனி. ஜூரோங் கடலோரத்தில் ஒரு கப்பல் பட்டறைக்கு, கப்பல் படம் வரைய நாலு திரை கொடுத்திருந்தார்கள். நாலுக்கும் ஒரே கம்ப்யூட்டர். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக, படம் வரைகிற சிப் பதித்த ஒரு கிராபிக்ஸ் போர்டு. கம்ப்யூட்டருக்கும் போர்டுக்கும் நடுவில் நின்று வேலை வாங்குகிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பேர். அதை எழுதியவன் பெர்னார்ட்.

பட்டறையில் மணலைப் பீய்ச்சியடித்துக் கப்பலைச் சுத்தம் செய்வார்கள். அந்தத் தூசி உள்ளே போனால் எந்த போர்டும் உருப்படாது. அதனால் காற்றாடி வைக்காமல், போர்டு நாலும் இருந்த பெட்டியை இறுக மூடிவிட்டார்கள். சூட்டுக்கு என்ன செய்வது என்று முதலாளி சியா கேட்டபோது, வழி சொன்னவனும் பெர்னார்ட்தான்.

எந்த மனுஷனும் நாள் முழுக்கக் கோடு போட மாட்டான். யோசிப்பான், சிகரெட் பிடிப்பான், ஒண்ணுக்குப் போவான். கை நின்ற கொஞ்ச நேரத்தில் டிரைவர் சிப்பின் கிளாக்கை நிறுத்தும். இந்த கிளாக் மணி காட்டாது, அது சிப்பின் நாடி. நாடி நின்றதும் கரண்டை வெட்டிவிடும். திரை இருட்டாகும், சிப் குளிரும். மறுபடி யாராவது கீபோர்டில் ஒரு கீயைத் தொட்டால் முதலில் கரண்ட் வரும், பிறகு நாடி ஓடும், நாடி சீரானதும் ரீசெட்டை விடும். ரீசெட் என்பது சிப்பின் கழுத்தில் வைத்த பிடி. பிடியைத் தளர்த்தினால்தான் அது வேலையைத் தொடங்கும்.

காலாங்கில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஜூரோங்கில்தான் சிப் சிப்பாகக் கருகிக்கொண்டிருந்தது.

சியா அதிகம் பேசுகிறவர் இல்லை. சனிக்கிழமைக்குள் பட்டறை திருப்தி என்று கையெழுத்துப் போடாவிட்டால் கிராபிக்ஸ் பிரிவை மூடிவிடுவேன் என்று மட்டும் சொன்னார். அந்தப் பிரிவில் இருந்தவன் பெர்னார்ட் ஒருத்தன்தான்.

அவன் பதினாறு வயதிலிருந்து செம்பவாங்கில் கப்பல் அடியில் படுத்துத் துரு தட்டியவன். சாயந்தரப் பள்ளிக்கூடத்தில் படித்து மேலே வந்தவன். அவன் மனைவி உர்சுலா புக்கிட் மேரா வீட்டில், துருச் சட்டையை இன்னொரு தடவை துவைக்கச் சொன்னால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று ஏற்கெனவே தெளிவாகச் சொல்லிவிட்டாள். கீழே போனால் திரும்ப அந்தத் துருதான். வேறு வழி இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பட்டறைக்குப் போய், கருகியதற்குப் பதில் புதுச் சிப் போட்டான். வரைகூடத்தில் நாலு டிராஃப்ட்ஸ்மேன்களும் முதுகு நிமிர்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பெரியவர் கோவிந்தசாமி. ஓரத்தில் இருந்த ஒலி முகம்மது திரையை விட்டுத் தலையைக்கூடத் திருப்பவில்லை.

எல்லாரும் கையை எடுங்கள் என்றான் பெர்னார்ட். பூசைக்கு வந்தவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் முதல் திரை அணைந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. தொட்டதும் நாலும் வந்தன. ஒரு கோடு குறையவில்லை.

"பாருங்கண்ணே, அணையுதே."

"உன்னப் பாத்தா அணையுது தம்பி" என்றார் கோவிந்தசாமி. "நீ போனா எரியுது."

"யாராவது கீ மேல கையை வெச்சுக்கிட்டே இருக்கீங்களா?"

"நாங்க எங்க தம்பி கையை எடுக்கிறோம். காலையில வெச்ச கை, சாயந்தரம்தான்."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். ஒலி முகம்மது விரலில் சொடக்கெடுத்துக் காட்டினான்.

பெர்னார்ட் அதை அப்படியே நம்பினான். மெஷினைச் சந்தேகப்படுவான், முதலாளியைச் சந்தேகப்படுவான், தன்னையே சந்தேகப்படுவான். வேலை செய்கிறவன் சொன்னதைச் சந்தேகப்படுவது அவன் வளர்ந்த இடத்தில் கிடையாது.

மேனேஜர் ஃபூ வரைகூடத்தின் கோடியில் ஒரு கண்ணாடி அறையில் இருந்தார். அங்கிருந்து ஆள் சரியாகத் தெரியாது, திரைகளின் வெளிச்சம்தான் தெரியும். அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்தே பேசினார். தான் நிமிர்ந்து பார்க்கிற போதெல்லாம் நாலு திரையும் எரிகின்றன என்றார். தன் ஆட்கள் அப்படி உழைக்கிறார்கள், உழைக்கத் தெரியாதது அவன் பெட்டிதான் என்றார்.

பெர்னார்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனுஷன் ஓய்வெடுப்பான் என்று கணக்குப் போட்டு மெஷின் செய்திருக்கிறான். இங்கே மனுஷன் ஓய்வே எடுக்கவில்லை. அப்படியென்றால் டிரைவர்தான் சிப்புக்கு வலுக்கட்டாயமாக ஓய்வு கொடுக்க வேண்டும்.

அன்றைக்கே மாற்றி எழுதினான். யார் கீயைத் தட்டினாலும் சரி, அவ்வப்போது டிரைவர் நாடியை நிறுத்தி, கரண்டை வெட்டி, சிப்பைக் கொஞ்சம் ஆற விட்டு மறுபடி எழுப்பும்.

புதன்கிழமை போன் வந்தது.

"ஒலி முகம்மது சாப்பிட வரமாட்டேங்கிறான் தம்பி."

"ஏண்ணே?"

"அவன் ஒரு கோட்டுல பாதி போட்டுக்கிட்டிருக்கும்போது உன் பெட்டி கண்ண மூடிருச்சு. அப்புறம் திறக்கவே இல்ல. காலையில இருந்து போட்ட படம் பூராப் போச்சு. அணைஞ்ச திரையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான்."

 என்ன நடந்தது என்று பெர்னார்டுக்கு உடனே விளங்கிவிட்டது. கோடு முடிந்ததா என்று கம்ப்யூட்டர் சிப்பைக் கேட்டிருக்கிறது. பதில் சொல்லச் சிப்புக்கு நாடி இல்லை. கேட்டவன் கேட்டபடியே நின்றுவிட்டான்.

சரி, நாடியை நிறுத்தக்கூடாது. மெதுவாக ஓட விடலாம். நாடி மெதுவானால் சூடும் குறையும், பதிலும் வரும். மாற்றி எழுதிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் போட்டான். பெட்டியைத் தொட்டுப் பார்த்தான், குளுகுளு என்று இருந்தது. அந்த வாரத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

வியாழக்கிழமை கோவிந்தசாமி போன் செய்யவில்லை. ஃபூ செய்தார். உடனே வா என்றார்.

போனால், வரைகூடத்து வாசலில் ஓர் இரும்புக் கதவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கப்பலின் தண்ணீர் புகாத கதவு. அதில் மேலிருந்து கீழ்வரை ஓட்டைகள்.

"இது என்னண்ணே?" என்றான் பெர்னார்ட்.

"நீதான் சொல்லணும்."

போர்டில் படத்தை நினைவில் வைத்திருக்கும் சிப்புகள் தனி. அவற்றுக்கு நாடி அடிக்க அடிக்கத்தான் ஞாபகம் நிற்கும். மெதுவாக அடித்தால் அங்கங்கே மறந்துபோகும். மறந்த இடமெல்லாம் புள்ளியாகத் தெரியும். நேற்று சாயந்தரம் திரையில் இருந்த கதவுக்கு அம்மை போட்டிருந்தது. கோவிந்தசாமிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய நேரம். அவர் அதை அப்படியே தாளில் அச்செடுத்துக் கீழே அனுப்பிவிட்டார். கீழே தகடு வெட்டுகிறவர்கள் படத்தை மீறாதவர்கள். புள்ளி இருந்த இடத்திலெல்லாம் துளை போட்டுவிட்டார்கள்.

"கேக்கவே இல்லையா அவங்க?"

"கேட்டாங்க" என்றார் கோவிந்தசாமி. "கம்ப்யூட்டர் போட்ட படம், கேள்வி கேக்காதேன்னு நான்தான் சொன்னேன்."

ஃபூ கதவின் ஓர் ஓட்டை வழியாக பெர்னார்டைப் பார்த்தார். சனிக்கிழமை கப்பலின் சொந்தக்காரர் வருகிறார், கிரேக்கர், அவருக்கு இந்தத் திரையில்தான் கப்பலைக் காட்டப்போகிறேன், அன்றைக்கு ஒரு புள்ளி தெரிந்தாலும் பெட்டியைக் கடலில் போடுவேன் என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். அதனால் கடலில் போடுவார் என்றே பெர்னார்ட் நம்பினான்.

 வீட்டில் உர்சுலா, அலமாரிக்கு அடியில் கிடந்த, அவன் துரு தட்டிய காலத்துப் பழைய பூட்ஸைத் தேடி எடுத்து, ஒருவேளை தேவைப்படும் என்று வாசலில் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் கடைசி வழியைப் பிடித்தான். நாடியைத் தொடவே வேண்டாம், கரண்டையும் தொட வேண்டாம். ஒரு சிப் அதிக நேரம் ஓடினால், அது போட்டுக்கொண்டிருக்கும் கோடு முடிகிறவரை பொறுத்திருந்து, ரீசெட்டைப் பிடித்துக் கழுத்தோடு நிறுத்திவைப்பது. கொஞ்சம் ஆறியதும் பிடியை விடுவது. பாதிக் கோட்டில் நிற்காது, ஞாபகமும் போகாது. காலாங்கில் சோதித்துப் பார்த்தான், தங்கமாக வேலை செய்தது.

காலாங்கில் அவனிடம் இருந்தது ஒரே ஒரு போர்டு.

சனிக்கிழமை கிரேக்கர் வந்தார். கோட்டு, தொப்பி, பெரிய வயிறு. ஃபூ அவரை நாலு திரைக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முன்புறம், பின்புறம், எஞ்சின் அறை, புரொப்பெல்லர் என்று ஒரே கப்பல் நாலு பக்கமாக நாலு திரையில் பளபளத்தது. சியாவும் வந்து சுவரோரமாக நின்றார். எல்லாம் நன்றாக நடக்கிறது, நீ பிழைத்தாய் என்கிற மாதிரி பெர்னார்டைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்போது ஒலி முகம்மதின் சிப்புக்கு ஓய்வு நேரம் வந்தது. டிரைவர் அதன் கழுத்தைப் பிடித்தது.

நாலு திரையும் ஒன்றாக அணைந்தன.

அப்போதுதான் பெர்னார்டுக்கு உறைத்தது. நாலு போர்டுக்கும் ரீசெட் கம்பி ஒன்றே ஒன்று. அவன் ஒருத்தன் கழுத்தைப் பிடித்ததாக நினைத்தான், நாலு பேர் கழுத்திலும் கயிறு விழுந்துவிட்டது. மற்ற மூன்று சிப்பும் கோடு போட்டுக்கொண்டிருந்த பாதியில் நின்றன. பிடி தளர்ந்ததும் எங்கே விட்டோம் என்று தெரியாமல், அகப்பட்ட இடத்திலிருந்து வரையத் தொடங்கின.

திரைகள் வந்தன. கப்பல் தலைகீழாக இருந்தது. புரொப்பெல்லர் மூக்கில் இருந்தது. புகைபோக்கி கடலுக்குள் போயிருந்தது.

  கிரேக்கர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

அது தன்னுடைய கப்பல்தானா என்று ஆங்கிலத்தில், மிக மரியாதையாகக் கேட்டார்.

 ஃபூ அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் சாய்ந்திருந்த ஓட்டைக் கதவைப் பார்த்துக் கிரேக்கர் நின்றார். ஃபூ அதை முதுகால் மறைத்துக்கொண்டு நடந்தார்.

திரும்பி வந்து ஒரே வரியில் முடித்தார். மதியத்துக்குள் பெட்டி வெளியே போக வேண்டும், திங்கள்கிழமையிலிருந்து வரைகூடம் பழையபடி தாளில் வரையும். சியா பெர்னார்டிடம் கையை நீட்டினார். கை குலுக்கத்தான் என்று நினைத்து இவனும் நீட்டினான். அவர் கேட்டது ஆபீஸ் சாவி.

பெர்னார்ட் ஸ்குரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு போர்டாகக் கழற்றினான். டிராஃப்ட்ஸ்மேன்கள் நாலு பேரும் மூலையில் கும்பலாக நின்றார்கள். ஒலி முகம்மது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோவிந்தசாமி கிட்டே வந்து அவன் தோளில் கை வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் மேல தப்பில்ல தம்பி" என்றார். "மனசுல வெச்சுக்காத."

"உங்க வேலைக்கு ஈடு குடுக்கிற மாதிரி ஒரு மெஷின் செய்யத் தெரியலண்ணே எனக்கு" என்றான் பெர்னார்ட். நிஜமாகவே மன்னிப்புக் கேட்கிற குரல்.

கோவிந்தசாமி தோளிலிருந்து கையை எடுத்தார்.  பிறகு பென்சில் சீவப் போய்விட்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தான். பட்டறைக் கேண்டீனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியைப் பக்கத்தில் வைத்தான். வெளியே கப்பல் அடியில் துரு தட்டுகிறவர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அவன் கண் தானாக அங்கே ஓர் இடம் தேடியது.

கேண்டீன் நடத்துகிற ஆமினா பீவி டீயைக் கொண்டுவந்து வைத்தார். பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"மேல இருந்த படப்பெட்டியா இது? தூக்கிட்டாங்களா?"

"தூக்கிட்டாங்கம்மா."

"நல்லதாப் போச்சு தம்பி" என்றார் ஆமினா பீவி, மேசையைத் துடைத்துக்கொண்டே. "இனிமே நாலு பேரும் ஒண்ணா வந்து நிம்மதியா டீ குடிக்கலாம், இத்தனை நாளா மூணு பேரு மணிக்கணக்குல இங்க உக்காந்திருக்க, பாவம் ஒருத்தரு மட்டும் மேல நின்னு நாலு பேரு கீயையும் மாத்தி மாத்தித் தட்டிக்கிட்டே இருக்கணும்லா, வெளிச்சம் அணைஞ்சா அந்தக் கண்ணாடி ரூமுக்காரரு எந்திரிச்சு வந்துருவாரே."