பத்து விரல் மகான்

எல்லாருக்கும் பத்து விரல்தான். ஆனால் இவருக்கு மட்டும் அதுவே பட்டமாகிவிட்டது. பத்து விரல் மகான்! அவர் தொட்டால், தோளில் ஏறி உட்கார்ந்த கண்ணேறு அலறிக்கொண்டு ஓடுமாம். மாடிப்படி முழுக்கக் கூட்டம். கீழ்ப்படியில் நின்றவர்களுக்குக் காத்திருந்தே புதிதாக ஒரு முதுகுவலி.

கூட்டத்தில் ஒருத்தி. நாம் அவளை அண்ணி என்று அழைப்போம். போன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. ஊர்த் திட்டையெல்லாம் காதில் வாங்கி, "மன்னிக்கணும் சார்" சொல்லிச் சொல்லிக் கழுத்து கட்டையாகிவிட்டது. கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவாள்.

மகான் அழுத்துவார், வலி போகும். மறுநாள் ஆபீஸ் போவாள், வலி வரும்.

"கண்ணு உன் வீட்டுக்குள்ளயே இருக்கும்மா. புதுசா யாரு வந்திருக்கா?" என்று போன வாரம் கேட்டார்.

"புருஷனை விட்டுட்டு வந்த நாத்தனார் சாமி."

"அவளேதான்!"

விடையைக் கேட்டு வாங்கிக்கொண்டு விடை சொல்வது! இதற்குப் பெயர் ஞானதிருஷ்டி.

நாத்தனார் ரொட்டிக் கடையில் மாவு பிசைபவள். போக்கிடம் கிடையாது. இன்று அவளும் பெட்டியோடு வந்து நின்றாள்.

"நீங்க சொன்னபடி கிளம்பிட்டேன் அண்ணி. என்னை விரட்டுறவர் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்."

அண்ணி கண்ணில் துணி கட்டிக் குப்புறப் படுத்தாள். அது மகான் வைத்த சட்டம். அப்போது நாத்தனாரின் குரல் கேட்டது.

"சாமி, மந்திரம் நீங்களே சொல்லுங்க. ஒரு தடவை நீங்க பிடிங்க, ஒரு தடவை நான். எது உங்க கைன்னு அண்ணி சொல்லட்டும். சரியா சொல்லிட்டா, இந்த ஊரை விட்டே போறேன்."

மகான் தயங்கினார். "காட்டுங்க சாமி!" என்றது கூட்டம். பக்தர்களே மாட்டிவிட்டால் பாவம், அவர்தான் என்ன செய்வார்?

மந்திர முணுமுணுப்பு கேட்டது. முதல் கைகள் நறுக்கென்று நாலு அமுக்கு அமுக்கிவிட்டு விலகின. மறுபடி மந்திரம். அடுத்த கைகள் அவசரப்படவில்லை. கழுத்தடியில் இறுகிக் கிடந்த முடிச்சைத் தேடிப் பிடித்து, மெல்ல மெல்ல இளக்கின. அண்ணிக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"இதுதான் சாமி கை! கண்ணுக்குள்ள ஜோதி தெரியுது!"

படிக்கட்டே சிரித்தது. துணியை அவிழ்த்துக் கழுத்தைத் திருப்பினாள். கழுத்து திரும்பியது. தோளில் நாத்தனாரின் கை!

"என் சக்திதான் அவ கையில இறங்கிடுச்சு" என்றார் மகான்.

"அப்போ பக்கத்துல இருந்த உங்க கையில ஏன் சாமி இறங்கலை? நாள் பூரா திட்டு வாங்குற உடம்பு இறுகத்தான் செய்யும். அக்கறையா பிடிச்சுவிட்டா இளகும். இதுக்கு மந்திரம் ஒரு கேடா?" என்றாள் நாத்தனார்.

அண்ணி எழுந்தாள். நாத்தனாரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "வா, வீட்டுக்குப் போகலாம்."

வரிசையில் நின்ற ஒருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு நாத்தனார் காலில் விழுந்தார். "தாயே! அடுத்த தரிசனம் எப்போ?"

"எழுந்திருங்கய்யா! கழுத்து வரைக்கும்தான் அடுத்தவங்க பிடிச்சுவிடலாம். அதுக்கு மேல இருக்கறதை அவங்கவங்கதான் அசைக்கணும்!"