இடது கையின் தூக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். நிற்க. போன திங்கட்கிழமை உன் அப்பாவின் மானம் ஆபீஸ் சுவரில் எட்டடி அகலத்துக்கு ஏறியது.

எங்கள் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். கை எவ்வளவு அசைகிறது, நெஞ்சு எப்படி அடிக்கிறது, எல்லாவற்றையும் அது மேலிடத்தில் போட்டுக்கொடுத்துவிடும். வேலையைப் பெருக்கும் வழி பார்க்கத்தானாம். ஒரு மாதம் கழித்து அந்தப் பட்டைக்கார இன்ஜினியர் பெண், உன் வயதுதான் இருக்கும், அவரவர் கோட்டைத் திரையில் போட்டாள். மற்றவர்கள் கோடெல்லாம் மலை மலையாக ஏறி இறங்க, என்னுடையது பாய் விரித்துப் படுத்திருந்தது.

"சார், காலைல பத்து மணிலேர்ந்து நீங்க தூங்குறதா காட்டுது."

"அதான் தபாலெல்லாம் லேட்டா போகுதா?" என்றார் மானேஜர். டைப்பிஸ்ட் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நான் தூங்கியவன்தான், பத்தாவதைத் தாண்டாததே அதனால்தான். ஆனால் தினம் நானூறு உறையில் முத்திரை குத்துகிறவன் எப்படித் தூங்குவான்? மானேஜரையும் அந்தப் பெண்ணையும் என் மேஜைக்கே அழைத்துப்போய்க் குத்திக் காட்டினேன். அப்போதுதான் விளங்கியது. குத்துவது வலது கை, பட்டை கட்டியிருப்பது இடது கை.

"இந்தக் கை சும்மாதானே சார் இருக்கு?" என்றாள்.

"சும்மாவா? இதை எடுத்துட்டுக் குத்துறேன், பாரும்மா" என்று ஓங்கிக் குத்தினேன். அமுக்கிப் பிடிக்க ஆளில்லாத உறை நழுவிப் போய், முத்திரை மானேஜரின் சட்டைக் கையில் விழுந்தது. அன்று சாயங்காலம்வரை அவர் தேதி போட்ட தபாலாகவே நடமாடினார்.

பிடித்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலை என்று பட்டைக்குத் தெரியவில்லை. பட்டையை மட்டும் சொல்வானேன்? குழந்தைக்காக நீ வேலையை விட்டபோது, "வீட்ல சும்மாதானே இருக்கே" என்றேன். அன்று போனை வைத்தவள்தான் நீ, பிறகு கூப்பிடவே இல்லை. இரண்டு மாதம் ஆகிறது. அந்த 'சும்மா' என் கையிலேயே வந்து விழுந்தபோதுதான் அது என்ன கனம் என்று தெரிந்தது, கண்ணு. நான் சொன்னது தப்பு.

கிளம்பும்போது அந்தப் பெண் இன்னொன்றும் கேட்டாள். "நாள் பூரா படுத்திருக்கிற கோடு, தினமும் நாலு மணிக்கு மட்டும் எகிறுதே சார். நெஞ்சு அப்படி அடிக்குது. அப்ப என்ன வேலை பண்றீங்க? அதையே நாள் முழுக்கப் பண்ணினா நீங்கதான் முதல் ஆளு!"

"மாடிப்படி ஏறுவேன்மா" என்றேன். குறித்துக்கொண்டு போனாள்.

நீ போன் பண்ண வேண்டும் என்று இதை எழுதவில்லை. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். எனக்கு அந்த எதிர்பார்ப்பெல்லாம் கிடையாது. பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. எல்லோரும் நீண்ட ஆயுளோடு, முக்கியமாக நல்ல தூக்கத்தோடு, இருங்கள்.

இப்படிக்கு,
பட்டையின் கணக்குப்படி உறக்கத்தில் இருக்கும்
உன் அப்பா

பி.கு.: எங்கள் ஆபீஸுக்கு மாடியே கிடையாது, உனக்குத்தான் தெரியுமே. நாலு மணி என் மகள் போன் பண்ணுகிற நேரம் என்று அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை.