பத்தொன்பதாவது படி

அன்புள்ள மைத்துனருக்கு, உங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அங்கு நலமாக இருக்கவும், ஞாயிறு கழியும்வரை அங்கேயே இருக்கவும் வேண்டுகிறேன்.

என் மகள், உங்கள் மருமகள், வாராவாரம் சாப்பாட்டு மேஜையில் ஒரு விளையாட்டு நடத்துகிறாள். ஆளுக்கொரு வேஷம். அவள் கதை சொல்வாள், நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். இருபது விழுந்தால் ராஜயோகம், ஒன்று விழுந்தால் சோலி முடிந்தது. என்னை மந்திரவாதியாக இருக்கச் சொன்னாள். ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆய்வாளராகவே இருந்துவிடுகிறேன் என்றேன். முதல் வாரம் கதையில் விளக்கேற்றினேன், ஒன்று விழுந்தது, மறுநாள் எங்கள் மாடிப்படி பல்பு போயிற்று. அடுத்த வாரம் கதவைத் திறந்தேன், மறுபடி ஒன்று, மறுநாள் குளியலறைத் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டு பூட்டுக்காரர் வரும்வரை ஒன்றரை மணி நேரம் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். "அந்தப் பகடையையும் கையோட எடுத்துட்டுப் போயிருக்கலாமே" என்றாள் உங்கள் அக்கா, வெளியே நின்றபடி. பகடையில் கோளாறோ என்று ஆயிரம் முறை உருட்டி எழுதிப் பார்த்தேன். எல்லா எண்ணும் ஏறக்குறைய ஐம்பது தடவை. ஒரு குறை சொல்ல முடியாது. அப்படியென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

போன வாரம் உங்களுக்கும் ஒரு வேஷம் கொடுத்தாள். வராதவருக்காக வேறொருவர் உருட்டலாமாம். கதையில் நீங்கள் பெட்டியோடு மாடி ஏறினீர்கள். "பதினெட்டுப் படிதான். ஆனா மாமா பத்தொன்பதாவதுல கால் வைக்கிறார். உருட்டுங்கப்பா" என்றாள். உருட்டினேன். ஒன்று.

"மாமாவைக் காணோம். பெட்டி மட்டும் இருக்கு."

"இன்னொரு தடவை போடறேம்மா."

"விழுந்தது விழுந்ததுதாம்பா. நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

முப்பது வருஷம் யாருக்கும் சலுகை காட்டாதவன், பகடையைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கும் பதினெட்டுப் படி. ஞாயிறன்று நீங்களும் பெட்டியோடு வருவதாக இருக்கிறீர்கள். லிஃப்டில் வரலாமே என்பீர்கள். அதில் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை என்று நான்தான் புகார் எழுதி, செவ்வாயன்று மூடவைத்தேன். பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. நீங்கள் போய்விட்டால் எனக்குச் சண்டை போடக்கூட ஆள் கிடையாது. கால்வலி என்று சொல்லி வீட்டிலேயே கிடங்கள். தங்கைக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: கதையில் நடந்ததை வெளியே சொல்வதற்கும் உருட்ட வேண்டுமாம். பத்துக்கு மேல் விழுந்தால் அனுப்பலாம். நான்கு விழுந்தது. சட்டம் சட்டம்தானே, ஆகவே இதைத் தபாலில் போடாமல் என் மேஜைமேலேயே வைத்துவிட்டேன். இதைப் படிக்கிறீர்கள் என்றால் வந்து சேர்ந்துவிட்டீர்கள், சந்தோஷம். நாங்கள் மூவரும் பக்கத்து அறையில்தான் இருக்கிறோம். ஒரு குரல் கொடுங்கள், எங்களுக்குக் கேட்கிறதா பார்ப்போம்.