லஸ்கர் வீட்டுக் குட்டை அரளி

ஒரு யோக்கியனுக்குத் தண்ணீர்த் திருடன் என்று பட்டம் கட்டி ஊரைவிட்டு விரட்டியவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான். கீழத்தெரு மிராசுதாரே, விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

தண்ணீரைக் கண்டு அவரளவு பயந்த மனிதர் காவிரிப் பாசனத்தில் பிறந்ததில்லை. பார்த்ததோ வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வேலை. ஊர் வைத்த பெயர் வறட்சி.

மிராசுதார் வயலில் நீர் நின்றால் சங்கம் வறட்சியைத் திட்டும். குத்தகைக்காரன் வயலில் நின்றால் மிராசுதார் திட்டுவார். நில உச்சவரம்பு வருகிறது என்று பினாமிக்கு ஆள் தேடிய காலம். எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம். அதனால் வறட்சி தன் மேல் சொட்டு ஈரம் தெரியாமல் வாழ்ந்தார். தலை காயாமல் தெருவில் இறங்கமாட்டார். துவைத்த வேட்டியைப் பக்கத்து ஊர் மைத்துனர் வீட்டில் உலர்த்துவார். ஒருநாள் மழையில் நனைந்து போன என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"காஞ்சிட்டு உள்ள வாங்க. பாக்குறவன் என்ன நெனைப்பான்?"

"மழைன்னு நெனைப்பான்."

"உங்களுக்கு இந்த ஊரைத் தெரியாதுங்க."

பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. திருப்பனந்தாளில் ஒரு குட்டை அரளிக் கன்று வாங்கி வாசலில் நட்டார். இடுப்பு உயரம்கூட வளராத ஜாதி. தண்ணீரே ஊற்றவில்லை.

"கருகட்டும். வாசல்ல செத்த செடி நின்னா, எவன் என்னைத் திருடன்னு சொல்லுவான்?"

நெல்லைத் தவிர வேறு பயிர் அறியாத ஊர் எங்களுடையது. வாய்க்கால் வறண்டால் பச்சையெல்லாம் செத்துவிடும் என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். அரளி நம்பவில்லை. மேட்டூர் திறக்காத கோடையில், வயலில் நண்டுகூட இல்லாத நேரத்தில், கொத்துக் கொத்தாக ரோஸ் நிறத்தில் பூத்தது.

வறட்சிக்கு வியர்த்தது. அதையும் உடனே துடைத்துக்கொண்டார். விடியுமுன் பூவைக் கிள்ளி எறிந்தார். கிள்ளக் கிள்ளக் கிளைத்தது. ஆட்டை அவிழ்த்துவிட்டார், ஆடு செடியை முகர்ந்துவிட்டு அவர் வேட்டியைத் தின்றது.

"பிடுங்கிப் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"உசுரோட நிக்குதுங்களே."

கூலித் தகராறில் ஒரே பெஞ்சில் உட்கார மறுத்த நீங்கள் இருவரும், வாய்க்கால் தண்ணீரைத் திருடிச் செடிக்கு ஊற்றுகிறார் என்று ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டீர்கள். விசாரிக்க வந்த இன்ஜினீயரும் டெல்டாக்காரர்தான். செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தண்ணி ஊத்தாமயா இப்படிப் பூக்கும்?"

"நானும் அதைத்தாங்க கேக்குறேன்" என்றார் வறட்சி.

அவரை வேதாரண்யம் உப்பளப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பஸ் ஏறும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பரிதாபப்பட்டு அதுக்குத் தண்ணி ஊத்திடாதீங்க. பேரு கெட்டுடும்."

இன்றும் அந்த வீடு பூட்டித்தான் கிடக்கிறது. இந்தக் கோடையிலும் வாய்க்கால் காய்ந்துவிட்டது. அரளி பூத்துக் குலுங்குகிறது. நான் போய்ச் சருகு பொறுக்கிப் போடுவதோடு சரி, ஒரு சொம்பு ஊற்றியதில்லை. அப்படியென்றால் தண்ணீர் திறந்துவிடுவது யார்? மிராசுதாரே, தலைவரே, ஊரறிய இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள். வேதாரண்யத்துக்கும் இந்தப் பத்திரிகை போகிறது.