மூன்றாவது ரீடிங்கை மாற்றியது நான்தான்

ஓசூர்,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய வேதியியல் துறை உதவிப் பேராசிரியை அனுப்ரியா மேடம் அவர்களுக்கு,

பி.எஸ்சி. முதலாண்டு மாணவி ஸோயாவின் தகப்பன் ஜமீர் அகமது பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க அல்லாஹ்விடம் துஆ செய்கிறேன். இங்கே நாங்கள் சுகமில்லை. அதற்கு முழுக் காரணமும் நான்தான் என்று என் வீட்டுக்காரி ஃபகருன்னிசா புதன்கிழமையிலிருந்து மணிக்கொரு தரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஸோயாவின் ரெக்கார்டு நோட்டில் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள், அளவுகளையும் மாற்றியிருக்கிறார்கள், அது யார் என்று திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு விடமாட்டேன் என்று தாங்கள் சொன்னதாக அறிந்தேன். மேடம், அந்த வேறு யாரோ நான்தான்.

நான் இருபத்துநாலு வருஷமாக இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். போன திங்கட்கிழமை ஸோயா மறுநாள் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், ரெக்கார்டு நோட்டையும் மறுநாளே வைக்க வேண்டும், “அத்தா, டேபிளுக்குக் கோடு மட்டும் போட்டுத் தாங்க, நம்பரை நான் எழுதிக்கிறேன்” என்றாள். கோடு போட்ட கை சும்மா இருக்குமா, காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குத் தாங்காது, லேப்பில் அளந்ததும் அவள் குறித்துவைத்த அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்து நம்பர்களையும் ஏற்றினேன். தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கிற பரிசோதனையில் முதல் ரீடிங் 18.2, இரண்டாவது 18.2, மூன்றாவது 21.9. எனக்குத் திக்கென்றது. எங்கள் லைனில் ஒரு பீஸ் இப்படி வந்தால் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு வேறு நல்ல பீஸைத்தான் கஸ்டமருக்கு அனுப்புவோம். இங்கே தாங்கள்தான் கஸ்டமர் என்று நினைத்து, மூன்றாவதையும் 18.2 ஆக்கினேன். ஒன்றைச் சரிசெய்த பிறகு மற்றதை விட மனசு வருமா, எட்டுப் பரிசோதனைகளையும் வரிசைக்குக் கொண்டுவந்தேன். அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்போமோ என்னவோ, பழக்க தோஷம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் “செக்டு ஓகே, ஜ.அ., பி ஷிப்ட்” என்று போட்டுத் தேதியும் வைத்துவிட்டேன். பிள்ளை புரட்டிப் பார்க்காமல் கொண்டுவந்து வைத்துவிட்டாள். “நம்ம லேப்ல பி ஷிப்ட் எப்பம்மா ஆரம்பிச்சாங்க?” என்று தாங்கள் கேட்டதும் வகுப்பே சிரித்ததாம். யார் எழுதியது என்று கேட்டதற்கு இவள் என் பேரைச் சொல்லவில்லையாம்.

விதி தெரியாதா என்று கேட்பீர்கள். வருஷத் தொடக்கத்தில் லேப் விதிகள் பதினான்கையும் அச்சடித்துப் பெற்றோர் கையெழுத்துக்கு அனுப்பியிருந்தீர்கள். ஷூ போட வேண்டும், கோட் போட வேண்டும், முடியைக் கட்ட வேண்டும், பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது என்று முதல் நாலைப் படித்ததுமே எனக்குத் தங்கள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அந்த வேகத்தில் எங்கள் வீட்டு அடுப்படியிலும் இனி ஷூ கட்டாயம் என்று அறிவித்து ஃபகருன்னிசாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தச் சண்டையில் மீதிப் பத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ரெக்கார்டை மாணவரே எழுத வேண்டும், வந்த அளவை மாற்றக் கூடாது என்பது பதினோராவது விதி என்று இப்போதுதான் தெரிகிறது. “ஊர்ல அவனவன் பிள்ளைக்கு நோட்டு வாங்கிக் குடுக்கிறான், நீங்க நோட்டுக்கே வேட்டு வெச்சிட்டு நிக்கிறீங்க” என்கிறாள் ஃபகருன்னிசா.

அப்போதும் என் புத்தியில் ஏறவில்லை மேடம். கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து வரும் கரியப்பன் என்னோடு வேலை செய்கிறவன், அவனிடம் போய், “ரிஜெக்ட் பீஸைத் தூக்கிப் போட்டது ஒரு குத்தமாய்யா?” என்று கேட்டேன். அவன் கன்னடத்தில் ஒரு தடவை திட்டிவிட்டு, எனக்கு நன்றாக உறைக்கட்டும் என்று தமிழில் சொன்னான்: “பீஸைத் தூக்கிப் போட்டா சரிண்ணா. நீங்க வெர்னியர் காட்டின அளவை இல்ல மாத்தி எழுதிட்டீங்க. அதுக்குப் பேரு கள்ள ரீடிங்.” கம்பெனியில் யார் மிரட்டியும் ஒரு அளவைக்கூட மாற்றாதவன், பெற்ற பிள்ளை என்றதும் எட்டுப் பக்கம் மாற்றியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகையால் தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள், நேரில் வந்து நிற்கச் சொன்னால் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறேன், அவளைப் பரீட்சைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் பிள்ளை அவள். என்னைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், ஸோயா மட்டும் பொய் சொல்லமாட்டாள். அவளுக்குச் சொல்லவும் வராது. சின்ன வயசில் பிஸ்கட் டப்பாவில் கைவிட்டால்கூட எத்தனை எடுத்தாள் என்று அவளே வந்து ஒப்பித்துவிடுவாள்.

தங்கள் லேப் ஒரு கண்ணாடிகூட உடையாமல் நடக்கவும், தங்கள் மாணவர்களில் வேறு யாருக்கும் என்னைப் போல் ஒரு தகப்பன் வாய்க்காமல் இருக்கவும் அல்லாஹ் அருள்புரிவானாக. ஃபகருன்னிசா தங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்து இன்னும் பேசவில்லை, சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
ஜமீர் அகமது

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் ஸோயா காலேஜிலிருந்து வந்துவிட்டாள். அடுப்படியில் அவள் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. இன்று மதியமே தங்களைப் பார்த்து, எல்லாம் தானே எழுதியதுதான், ஜ.அ. என்றால் ஜமீர் அகமது மகள் என்பதன் சுருக்கம், பி ஷிப்ட் என்றால் பி பேட்ச், அத்தாவுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டாளாமே. அவள் ஏ பேட்ச் மேடம். தாங்களும் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல், சனிக்கிழமைகளில் வந்து எட்டையும் திரும்பச் செய், பரீட்சைக்கு விடுகிறேன் என்றீர்களாம். ஆகவே அவள் பொய் சொல்லமாட்டாள் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன், என் தப்பை அவள் தலையில் ஏற்றிவிட மனசு கேட்கவில்லை, தபாலில் சேர்க்கிறேன். பரிசோதனை எட்டையும் அவள் திரும்பச் செய்யட்டும், அது நியாயம்தான். கடிதம் வந்த விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அத்தாவைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் பிள்ளை இப்போதுதான் இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.